ஒன்று குறைகிறது

செப்டம்பர் முதல் தேதி.
மோட்டார் சைக்கிளில், லாரியில்,
ஒருவன் மட்டும் குதிரையில்
வந்து இறங்கினார்கள் என் பிள்ளைகள்.
மூன்று மாத வெயில்
கன்னங்களில் உரிந்துகொண்டிருந்தது.
சட்டைப் பையெல்லாம் காய்ந்த தயிர்க்கட்டி.
விடுதி முழுக்க ஆட்டு வாடை.
ஜன்னலைத் திறக்கச் சொன்னார் தலைமையாசிரியர்.
சரி என்றேன். திறக்கவில்லை.
தானாகப் போக எப்படியும் ஒரு வாரம் ஆகும்,
அதற்குள் அதையும் ஏன் பிடுங்குவானேன்?

முதல் இரவின் அழுகை எனக்குப் பழக்கம்.
அல்தாய் மலையடியில் இந்த விடுதிக்கு வந்து
பதினோரு குளிர்காலம் ஆகிறது.
ஒருவன் விசும்பினால் போதும்,
காய்ந்த புல்லில் தீப்போலக்
கட்டில் கட்டிலாய்ப் பற்றிக்கொள்ளும்.
‘பெரிய பையன் அழலாமா’ என்று
ஒரு காலத்தில் நானும் சொன்னவள்தான்.
இப்போது விளக்கை அணைக்காமல்
நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து
காலுறை தைக்கிறேன்.
படுக்கையை நனைத்தவனின் போர்வையை
விடியுமுன் துவைத்துவிட்டு
‘என் தேநீர் கொட்டிவிட்டது’ என்பேன்.
செப்டம்பரில் என் கை நடுங்காத நாளே இல்லை.

என்னைப் பயமுறுத்தியவள் சொலோங்கோ.
எட்டு வயது. அழவில்லை.
போட்டதைச் சாப்பிட்டாள்,
போர்வையை மூலை பிசகாமல் மடித்தாள்.
‘என்ன சமர்த்து!’ என்றார் கணக்கு டீச்சர்.
பனிப்புயலுக்கு முந்தைய மத்தியானமும்
இப்படித்தான் சமர்த்தாக இருக்கும்.

‘விடுமுறையில் நான்’ என்று கட்டுரை.
மற்றவர்கள் நாதாம் விழாவின் குதிரைப் பந்தயத்தை
மூன்று பக்கம் ஓட்டினார்கள்.
அவள் தாளில் ஒரே ஓர் எண்:
நானூற்றுப் பன்னிரண்டு.

ஆறாம் நாள் அந்தியில் பார்த்தேன்.
ஜன்னலோரம் நின்று, விரல் மடக்கி மடக்கி
வெறும் மைதானத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.
பொழுது சாய்ந்தால் ஆடு எண்ணுவது
வீட்டில் அவள் வேலையாம்.
‘நானில்லாவிட்டால் அப்பா
கறுப்பு ஆட்டை இரண்டு தடவை எண்ணிவிடுவார்.’
என்னிடம் அவள் பேசிய முதல் முழு வாக்கியம்.

என்னிடமும் ஒரு மந்தை இருக்கிறது,
எண்ணத்தான் ஆளில்லை என்றேன்.

அன்றிரவு கட்டில் கட்டிலாக நடந்தாள்.
முப்பத்தாறு.
இன்னொரு தரம் எண்ணு.
முப்பத்தாறு.
பதிவேட்டில் முப்பத்தேழு.
கட்டிலடியில் குனிந்தாள்,
கழிவறைக் கதவைத் தட்டினாள்,
தொலைந்த குட்டியைக் கூப்பிடுவதுபோல
நாக்கை மடித்து ஓர் ஒலி எழுப்பினாள்.
கடைசிக் கட்டிலிலிருந்து கன்சோரிக் கத்தினான்:
‘லூசு, அது நீதான்!’
எல்லோரும் சிரித்தார்கள். அவளும்.
அவள் சிரிப்பு மட்டும்
பாதி வழியில் வேறொன்றாகிவிட்டது.
ஆறு நாள் பாக்கி.
நான் எதுவும் சொல்லவில்லை.
மடியில் தைத்துக்கொண்டிருந்த காலுறை
நனைந்து கனத்தது.

அதன்பின் எல்லாம் சரியாகிவிட்டது என்று
சொல்லமாட்டேன்.
திங்கட்கிழமைகளில் அவளுக்கு வயிறு வலித்தது.
வலிக்கும்தான்.
குன்றேறினால்தான் அவள் அம்மாவுக்கு சிக்னல்;
புதன்தோறும் ஏறுவார்,
பாதிப் பேச்சைக் காற்றே பேசிவிடும்.
தினமும் ஒன்பது மணிக்கு எண்ணிக்கை நடந்தது.
சில நாள் முப்பத்தேழு.
சில நாள் மறுபடி முப்பத்தாறு.

நவம்பரில் ஒரு வாரம் விடுமுறை.
மோட்டார் சைக்கிள்கள் வந்தன, போயின.
கன்சோரிக் கையுறையை விட்டுவிட்டுப் போனான்.
வெறுங்கட்டில்களுக்கு நடுவே
பழக்கதோஷத்தில் நாற்காலி போட்டேன்.
ஒன்பது மணிக்குப் போன் அடித்தது.
குன்று. காற்று. மேல்மூச்சு.

‘அங்கே இன்றைக்கு எத்தனை?’

‘எல்லோரும் போயாச்சே, சொலோங்கோ.
பூஜ்யம்.’

கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
பிறகு சொன்னாள்:

‘இன்னொரு தரம் எண்ணுங்கள்.’